பெயர் கூப்பிட்டதும் போய்விட்டேன்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு என் கையில் இருந்தது கவ்வாத்துக் கத்தி. முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற கத்தி அது. முப்பது வருஷம் அதைப் பிடித்த விரல்கள், பேனாவுக்குச் சரியாக வளைவதில்லை. எனக்காக வாதாடிய மிஸ்தான், "நடந்ததை உங்க கையாலேயே எழுதி வைங்க அண்ணே" என்று ஒரு கொப்பி வாங்கித் தந்தார். அது பல மாதம் அலமாரியில் கிடந்தது.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் வேலைக்குப் போகிற எல்லாரும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் கூடி நிற்போம். கங்காணி புத்தகத்தைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவார். "இருக்கேங்க" என்று சொல்ல வேண்டும். சொன்ன உடனே கிளம்பிவிட வேண்டும். எந்த மலைக்குப் போக வேண்டும் என்பது முன்னமே தெரியும். பெயர் கூப்பிட்ட பிறகும் ஒருவன் நின்றால், கொடுத்த வேலை பிடிக்கவில்லை, வாதத்துக்கு நிற்கிறான் என்று அர்த்தம். எனக்குப் பதினாறு வயதில், மழைக் கொங்காணியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். "என்னாடா மொறைக்கிற?" என்று கங்காணி அன்றைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதோடு சரி. அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஒருநாளும் நான் நின்றதில்லை.

இனி கோர்ட் விஷயம். வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருக்கிற தங்கச்சி கொழுந்து எடுத்துவிட்டு றோட்டோரமாக வந்துகொண்டிருந்தாள். றொசல்ல பக்கத்து வளைவில் ஒரு வேன் அவளை இடித்துத் தள்ளிவிட்டது. கால் முறிந்துவிட்டது. மேலே செடிக்குள் நின்ற நான் அதைப் பார்த்தேன். பொலிஸ் எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு சாட்சி சொல்ல வரும்படி எனக்குக் கடுதாசி வந்தது. அதுவரை நான் கோர்ட் வாசலைக் கூட மிதித்ததில்லை.

அன்றைக்கு ஹட்டனில் நல்ல மழை. தங்கச்சி கட்டைக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். உள்ளே வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எல்லாம் சிங்களத்தில் ஓடியது. தமிழில் சொல்வதற்கு ஒருவர் இருந்தார். அவரை அங்கே முதலியார் என்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் அவர் சொல்லவில்லை, தேவைப்பட்டதை மட்டும் சொன்னார்.

எங்கள் வழக்கு வந்தது. முதலியார் சாட்சிக்காரர் பெயர்களை வாசித்தார். தங்கச்சியின் பெயர். பிறகு என் பெயர்.

எழும்பினேன். "இருக்கேங்க" என்றேன். கும்பிட்டேன். திரும்பி வாசல் பக்கம் நடந்தேன்.

ஏன் நடந்தாய் என்று இப்போது கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்குள் யோசனையே இல்லை. கூப்பிட்டார்கள், இருக்கிறேன் என்றேன், வேலை முடிந்தது. பெரிய ஆட்கள் முன்னால் நிற்கக்கூடாது என்பதுதான் காலுக்குத் தெரிந்திருந்தது. வாசலில் நின்ற பொலிஸ்காரர் "ஏய், ஏய்!" என்று கத்தினார். பெரட்டில் பின்னாலிருந்து கத்தினால் சீக்கிரம் நட என்றுதான் அர்த்தம். நான் சீக்கிரம் நடந்தேன்.

படிக்கட்டில் வைத்து என் கையைப் பிடித்தார்கள்.

திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நீதவான் ஐயா என்னவோ சொன்னார். முதலியார் என்னைப் பார்த்தார்.

"ஐயா ஒன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கும்போது நீ முதுகக் காட்டிட்டுப் போயிருக்க. ஏன் போன?"

எனக்குக் குரல் வரவில்லை. பத்துப் பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே நூறு பேர் இருந்தார்கள். இன்னொரு கெட்ட பழக்கமும் எனக்கு உண்டு. வெட்கம் வந்தால் வாய் தானாகச் சிரிக்கும். அன்றைக்கும் சிரித்தது.

"சிரிக்கிறியா?" என்றார் முதலியார். அதை அவராகத்தான் கேட்டார்.

நீதவானின் முகம் சிவந்தது. நீதிமன்றத்தை அவமதித்த குற்றம் என்று முதலியார் தமிழில் சொன்னார். பிறகு குனிந்து, மெதுவாக, "குத்தவாளின்னு சொல்லிட்டு மன்னிப்புக் கேளு. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும். இல்லாட்டி உள்ளுக்குத்தான்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

குற்றவாளி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. திமிர் ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் நான் வேண்டுமென்றே அந்த ஐயாவை மதிக்காமல் போனேன் என்று ஆகிவிடும். என் வாழ்க்கையில் யாரையும் மதிக்காமல் நான் போனதில்லை. மதித்ததால்தான் போனேன். ஆனால் இதை எப்படிச் சொல்வது? சொல்லத் தெரியாமல் நின்றேன். நிற்க நிற்க அது இன்னும் பெரிய திமிராகத் தெரிந்தது.

அப்போதுதான் சட்டத்தரணிகள் இருக்கும் மேசையிலிருந்து ஒரு சின்னப் பெண் எழும்பினார். கறுப்புக் கோட் தோளில் பெரிதாக இருந்தது. என்னை அவருக்குத் தெரியாது. நான் சட்டத்தரணி யாரையும் பிடித்து வைக்கவும் இல்லை. சிங்களத்தில் நிதானமாகப் பேசினார். பாதி எனக்கு விளங்கியது. இந்த மனிதருக்கு என்ன குற்றம் என்று அவருடைய பாஷையில் எழுதிக் கொடுக்கவில்லை. பேச ஒரு சட்டத்தரணி இல்லை. பதில் சொல்ல நேரம் கொடுக்கவில்லை. கோபப்பட்டவரே தீர்ப்பும் சொல்வது சரியாக இருக்காது என்றார். கடைசி வார்த்தைக்கு மற்றச் சட்டத்தரணிகள் எல்லாம் கீழே பார்த்தார்கள். அந்தப் பெண்ணையும் என் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

நீதவான் பேனாவை மூடினார். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று எழும்பிப் போனார்.

அதுவரை என்னைக் கூண்டு அறையில் போட்டார்கள். அங்கே ஏழெட்டுப் பேர். மூத்திர வாடை. ஒருவன் கேட்டான்:

"அண்ணே, என்னா கேசு?"

"பேர் கூப்புட்டாங்க. போயிட்டேன்."

"எங்க போனீங்க?"

"வெளிய."

அவன் சிரிக்கிற சிரிப்பில் பொலிஸ்காரர் வந்து அதட்டினார். "நான் மாடு திருடிட்டு வந்திருக்கேன். என்னையவே இன்னும் ஒன்னும் கேக்கல" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேவைப்பட்ட நேரத்தில் வராத சிரிப்பு. என் சம்சாரம் அந்த நேரம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் நான் வராவிட்டால் அவளுக்கு யார் சொல்வார்கள் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் யாரோ நகத்தால் கோடு கோடாகக் கிழித்து வைத்திருந்தார்கள். அதை எண்ணக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்து நீதவான் வந்தார். காலையில் இருந்த குரல் இப்போது இல்லை. அந்தச் சட்டத்தரணி சொல்வது சரி என்றார். குற்றத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும், விசாரிப்பது வேறொரு நீதவான், மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள் கழித்து வர வேண்டும். என்னைச் சொந்தப் பிணையில் விட்டார். அப்படிச் சொல்வது அவருக்கு லேசாக இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் அந்தச் சட்டத்தரணி மிஸ் என்னிடம் கேட்டார்:

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. ஏன் போனீங்க?"

"பேர் கூப்புட்டா போயிறனும்ல மிஸ்."

"எங்க அம்மா தோட்டத்துலதான் வேல செஞ்சாங்க" என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

லயத்துக்கு வந்தால் விஷயம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. சங்கத்துத் தலைவர் வந்தார். தோட்டத்தில் யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் முதலில் வருகிறவர் அவர்தான்.

"என்னப்பா, பெரிய ஆளாயிட்ட! ஜட்ஜையே விட்டுட்டுப் போனியாமே?" என்றார். பிறகு முகம் மாறியது. "குத்தம்னு ஒத்துக்க. கால்ல விழு. வாதாடிப் பாக்குற எடமா அது? தோத்தா மாசக்கணக்குல உள்ள இருக்கணும்."

என் சம்சாரம் தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"செய்யாதத ஏங்க ஒத்துக்கணும்?"

"இல்லம்மா, மன்னிப்புத்தானே..."

"மன்னிப்பு கேக்கட்டும். தெரியாமப் போயிட்டேன்னு கேக்கட்டும். அவமதிச்சேன்னு சொல்லிக் கேக்கக்கூடாது. நாளைக்கி இவரு சாட்சி சொல்லப் போனா, கோர்ட்டயே மதிக்காத ஆளு பேச்ச யாரு கேப்பா? அந்தப் புள்ள கால் முறிஞ்சி கெடக்கே, அதுக்கு யாரு இருக்கா?"

தலைவர் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குத்தான் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டிக் கிடப்பது எனக்கு விளங்கியது. நான் குற்றவாளி ஆனால் தங்கச்சியின் வழக்கும் விழும். வேன்காரனைப் பார்த்தது நான் ஒருவன்தான்.

அடுத்த கவலை வேறு. விசாரணை நாளிலும் என் பெயரைக் கூப்பிடுவார்கள். அப்போதும் கால் நடந்துவிட்டால்?

தங்கச்சிதான் வழி சொன்னாள். "பழகுங்க அண்ணே. நான் ஜட்ஜ். நீங்க சும்மா நில்லுங்க." தினமும் சாயங்காலம் அவள் காம்பரா வாசலில், கட்டுப் போட்ட காலை ஒரு கொழுந்துக் கூடையின் மேல் நீட்டிக்கொண்டு உட்காருவாள். என் பெயரைக் கூப்பிடுவாள். நான் "இருக்கேங்க" என்று சொல்லி நிற்க வேண்டும். முதல் இரண்டு நாளும் கால் கிளம்பியது. "ஏய் எங்க போற! ஆறு மாசம் உள்ள!" என்று கைத்தடியால் தரையைத் தட்டுவாள். லயமே வேடிக்கை பார்த்தது. எனக்கு உயிர் போனது. ஆனாலும் நின்றேன். மூன்றாவது கிழமை அவள் வேண்டுமென்றே கூப்பிட்டுவிட்டு உள்ளே போய் ரொட்டி சுட்டுவிட்டு வந்தாள். அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

இதை மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுதான் நாங்கள் விட்ட பிழை.

மிஸ் சாட்சிக்குக் கேட்டது கங்காணியை. பெரட்டு எப்படி நடக்கும் என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டும். கங்காணி முடியாது என்றார். "என்னைய ஏம்பா கோர்ட்டுக்கு இழுக்குற? நான் என்னா செஞ்சேன்?" என் சம்சாரம் நேராக அவர் வீட்டுக்குப் போனாள். "நீங்கதானே பழக்குனீங்க. நீங்கதான் வந்து சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் வருவாரா மாட்டாரா என்று விசாரணை அன்று காலை வரை தெரியாது.

வந்தார். எப்போதோ தைத்த கோட் போட்டு, பெரட்டுப் புத்தகத்தையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

விசாரித்தது ஒரு நீதவான் அம்மா. குற்றம் தமிழில் எழுதிய கடுதாசியை முதலியார் முழுதாக வாசித்தார். என் பெயரைக் கூப்பிட்டார்.

"இருக்கேங்க." நின்றேன். கட்டை போல நின்றேன். உள்ளங்கால் குறுகுறுத்தது. அசையவில்லை. சந்தோஷம்கூட வந்தது.

குற்றவாளியா, குற்றம் செய்யாத சுற்றவாளியா என்று கேட்டார்கள். "சுத்தவாளிங்க" என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

முதலில் அந்தப் பொலிஸ்காரர் சாட்சி சொன்னார். மூன்று தரம் கூப்பிட்டேன், இன்னும் வேகமாகப் போனான் என்றார். மிஸ் எழும்பி, என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டார். "ஏய்" என்றாராம். நில் என்று சொன்னீர்களா என்று கேட்டார். அவர் யோசித்தார். இல்லை என்றார். அதை மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

பிறகு கங்காணி. பெரட்டில் பெயர் கூப்பிட்ட பிறகு நின்றால் என்ன அர்த்தம் என்று மிஸ் கேட்டார்.

"சண்டைக்கு நிக்கிறான்னு அர்த்தம்ங்க அம்மா."

"நின்னா என்ன செய்வீங்க?"

கங்காணி என்னைப் பார்த்தார். "வீட்டுக்கு அனுப்பிருவேன். இந்தாளையும் ஒரு தடவ அனுப்பியிருக்கேன். சின்னப் பையன் அப்ப. மழ நாளு." கக்கத்துப் புத்தகத்தை இறுக்கிக்கொண்டார். "அதுக்கப்பறம் இவரு நிக்கவே இல்ல."

அவருக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு மூச்சு லேசானது. அப்போது அரச தரப்புச் சட்டத்தரணி எழும்பினார். அவர் கத்தவில்லை. அமைதியாகச் சொன்னார், முதலியார் எனக்குச் சொன்னார்: "பெயர் கூப்பிட்டால் கால் தானாகப் போகும் என்கிறார்கள். ஆனால் இன்றைக்கு இவர் பெயரைக் கூப்பிட்டோம். எல்லாரும் பார்த்தோம். ஒரு அங்குலம் அசையவில்லை. அப்படியானால் கோர்ட்டில் நிற்க வேண்டும் என்று இவருக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கும் தெரிந்துதான் போயிருக்கிறார்."

கோர்ட் முழுக்க என் காலைப் பார்த்தது. மிஸ் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், இதை ஏன் சொல்லவில்லை என்று இருந்தது. மூன்று கிழமை நான் பழகியது எனக்கே எதிராக நின்றது.

மிஸ் என் பக்கம் வந்தார். மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, நீங்க பேசணும்னு கட்டாயம் இல்ல. பேசாம இருந்தா அத வச்சி உங்களுக்குக் குத்தம் சொல்ல முடியாது. பேசினா அவரு கேள்வி கேப்பாரு. யோசிச்சிச் சொல்லுங்க."

பேசாமல் இருக்கலாம் என்றால் எனக்கு அதைவிட நல்லது என்ன இருக்கிறது? வாழ்க்கை முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் பேசாமல் நின்றதில்தானே இவ்வளவும் வந்தது.

"பேசுறேன் மிஸ்."

சாட்சிக் கூண்டில் ஏறினேன். கைப்பிடிக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாய் சிரிக்கப் பார்த்தது. பல்லைக் கடித்தேன்.

"பழகிட்டேங்க" என்றேன். "மூனு கெழம, லயத்துல பேர் கூப்புட்டு கூப்புட்டு நிக்கப் பழகினேன். இன்னைக்கும் போயிறக் கூடாதுன்னு. மொத ரெண்டு நாளும் முடியல. அன்னைக்கி ஐயாவ மதிக்காமப் போகலங்க. நின்னாத்தான் மரியாத இல்லன்னு நெனச்சேன். வெக்கத்துல சிரிச்சிட்டேன். அது என் பழக்கம். அதுக்கு மன்னிப்புக் கேக்குறேன். அவமதிச்சேன்னு மட்டும் சொல்ல மாட்டேங்க. அது பொய்."

முதலியார் இதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உனக்குப் பெயர் கூப்பிட்டுப் பழக்கியது யார் என்று அரச தரப்பு கேட்டது. வெளியே வராந்தாவில் இருக்கிறாள் என்றேன். கூப்பிட்டார்கள். தங்கச்சி கைத்தடியைத் தட்டித் தட்டி வந்தாள். நீ என்ன செய்தாய் என்று கேட்டார்கள்.

"நாந்தாங்க ஜட்ஜா இருந்தேன்."

முதலியார் வாயைத் திறந்தார், மூடினார். அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இவளையும் உள்ளே போட்டுவிடுவார்களோ? நீதவான் அம்மா, சொன்னதை அப்படியே சொல்லுங்கள் என்றார். முதலியார் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, அம்மா சிரிக்கும் வரைக்கும்.

"எத்தனை நாள் தண்டனை கொடுத்தீங்க?" என்று அந்த அம்மா தமிழிலேயே கேட்டார். கொஞ்சம் தட்டுத்தடுமாறிய தமிழ்.

"மொத நாளு ஆறு மாசங்க. அப்பறம் கொறச்சிட்டேன்."

தீர்ப்புக்கு அரை மணித்தியாலம் காத்திருந்தோம். கங்காணி தன் புத்தகத்தைத் திறந்து ஒன்றும் வாசிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். என் சம்சாரம் என் சட்டைக் கையில் இல்லாத நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

வேண்டுமென்று அவமதித்ததாக நிரூபிக்கவில்லை என்று நீதவான் அம்மா சொன்னார். என்னை விடுதலை செய்தார். பிறகு முதலியாரிடம் ஒன்று சொன்னார். முதலியார் வாங்கில் இருந்த எங்கள் சனங்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "பேர் கூப்பிட்டா எழும்பி நில்லுங்க. போகலாம்னு சொன்ன பிறகு போங்க. விளங்காட்டி என்கிட்ட கேளுங்க." இப்போது ஒவ்வொரு காலையும் வழக்குத் தொடங்குவதற்கு முன்னால் அவர் அப்படிச் சொல்கிறாராம். போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

தங்கச்சியின் வழக்கில் போன மாதம் நான் சாட்சி சொன்னேன். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். வேன்காரர் பக்கத்துச் சட்டத்தரணி என்னைக் குடைந்து குடைந்து கேட்டார். ஆனால் கோர்ட்டை மதிக்காத ஆள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

விடுதலையான மறுநாள் காலை பெரட்டில் ஒன்று நடந்தது. கங்காணி என் பெயரைக் கூப்பிட்டார். "இருக்கேங்க" என்றேன். கால் கிளம்பவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். கங்காணியும் பார்த்தார். முன்பு என்றால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"போகலாம்ப்பா" என்றார்.

போனேன்.

இதை எழுதி முடித்தது ஐப்பசி மாதம் ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.